பொட்டு வைக்காத டிரைவ்

பாப்பா,

பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் போன் வந்தது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் மணியைப் பார்த்தேன், அதனால் சரியாகத் தெரியும். பேசியது உன் தாய்மாமன் குமரேசன். "மாமா, அக்கா வண்டி பைபாஸ்ல லாரியில மாட்டிக்கிச்சு மாமா" என்றான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். "நீங்க மெதுவாவே வாங்க மாமா, அவசரமில்ல" என்றான். அவசரமில்லை என்று அவன் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. உன் அம்மா பவித்ரா போய்விட்டாள். அன்று உனக்கு இரண்டு வயது. நல்லம்பள்ளியில் உன் பாட்டி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

இதை நீ படிக்கும்போது பெரிய பெண்ணாக இருப்பாய். காலேஜுக்கோ வேலைக்கோ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். அந்த நாளுக்காகத்தான் எழுதுகிறேன், வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். நான் கம்ப்யூட்டர் படித்தவன், தர்மபுரியில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இருந்தும் பேப்பரில் பேனாவால் எழுதுகிறேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். இப்போது இண்டூரில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் வலது கையில் பேனா. இடது கை ஒரு ஹார்ட் டிஸ்கின் கேபிளை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீ பக்கத்தில் பாயில் தூங்குகிறாய். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் அதுதான் காரணம்.

அன்று காலையிலும் இதே டிஸ்கை இதே போலத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இது இந்த வீட்டுக்காரர் மாதையனுடையது. மஞ்சளும் தக்காளியும் போடுகிற விவசாயி. அவர் மகள் கல்யாணத்துக்கு நானும் உன் அம்மாவும்தான் கேமரா. ஆண்கள் பக்கம் நான், மணப்பெண் அறை உன் அம்மா. படத்தை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுத்த பிறகு இவர் ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார். "பாட்டுப் போட்டதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ஒருத்தரு பேசறதும் கேக்கலயே. எம்பொண்ணு பேசறது எனக்கு வேணும். வெட்டாத வீடியோ இருக்குமில்ல, அத அப்படியே குடுங்க" என்றார். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த டிஸ்க் ஒன்றை வாங்கி, மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு நாளிலேயே அதன் கேபிள் சொருகும் ஓட்டை ஆடியது. தொட்டால் கழன்றுவிடும். கழன்றால் காப்பி நின்றுவிடும். நான் சிரித்தேன். "அதுல ஃபேன் சத்தமும் சண்டையும்தான் இருக்கும், யாரு பாக்கப்போறாங்க" என்றேன். உன் அம்மாதான் என்னை அடக்கினாள். "அவரு கேக்கறத குடுங்களேன். உங்க வூட்டுச் சொத்தா போவுது?"

டிஸ்கை வாங்கி வைத்ததும், வேறு எதற்கும் நான் எடுத்துவிடக்கூடாது என்று அவள் அதில் பொட்டு வைத்தாள். எங்கள் ஸ்டுடியோ வழக்கம் அது. முதலில் ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமான்களுக்கும் வைத்ததுதான். அப்புறம் அதையே வேலைக்கு வைத்துக்கொண்டாள். ஒரு டிரைவில் அழிக்கக்கூடாதது ஏதாவது இருந்தால் அதன் மேல் குங்குமப் பொட்டு. பார்ட்டி கையில் ஒப்படைத்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். பொட்டு இருந்தால் தொடக்கூடாது, இல்லாவிட்டால் அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். லேபிள் ஒட்டினால் நான் படிக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். "நீங்க எழுதி வச்சத படிக்கற ஆளா? நெத்தியில பொட்டு இருக்குதான்னு மட்டும் பாருங்க, போதும்" என்பாள். நான்கு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஒரு கல்யாணம்கூட அழிந்ததில்லை.

அன்று பதினொன்று ஐந்துக்கு அவள் போன் செய்தாள். உன்னை உன் பாட்டியிடம் விட்டுவிட்டு நல்லம்பள்ளி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். "ஏங்க, வர்றீங்களா? பஸ்ஸுல கால் வைக்க எடமில்ல. முகூர்த்த நாளு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்பத்தான் காப்பி போட்டன். நாப்பது நிமிஷம் காட்டுது. இந்தாளு டிஸ்க்க விட்டுட்டு எந்திரிக்க முடியாது" என்றேன். அவள் சிரித்தாள். "சரி, அத மடியில வச்சித் தாலாட்டுங்க. நான் குமரேசன் ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு வந்தர்றன்" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான், ஒரு கிண்டல். அதற்கும் நான் சிரிக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு நான் ஒரு கணக்குப் போட ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. மாதையன் கல்யாணம் இருநூற்றைம்பது ஜி.பி. இந்த டிஸ்க் நொடிக்கு நூறு எம்.பி. எழுதும், அதனால் நாற்பது நிமிடம். கையடக்கமான எஸ்.எஸ்.டி. டிரைவ் ஒன்று கடையில் இருந்தது. நொடிக்கு இரண்டாயிரம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அப்படியானால் இரண்டே நிமிடம். விலை அதிகம் என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அதன் விலையில் சாதாரண டிஸ்க் நான்கு வாங்கலாம் என்று உன் அம்மாவிடம் நானே சொல்லியிருக்கிறேன். அதை அன்றே வாங்கி, மாதையன் கல்யாணத்தை அதில் ஏற்றியிருந்தால் இரண்டு நிமிடத்தில் எழுந்து போயிருப்பேன், அவள் இருந்திருப்பாள். இந்தக் கணக்கு என்னைத் தின்றது. பதினாறாம் நாள் உறவுக்காரப் பெரியம்மா ஒருத்தி, "சின்ன வயசு, கொழந்தைக்காவது ஒருத்திய பாக்கோணும்" என்று பந்தியிலேயே ஆரம்பித்தாள். இலையில் வைத்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தேன். நேராகக் கடைக்குப் போய் அந்த டிரைவை வாங்கினேன். கடைக்காரன் சந்தோஷமாக, "இதுல கேமராவுலயே நேரா மாட்டி எடுக்கலாம் சார், ராக்கெட்டு" என்றான். அவன் வாயில் குத்த வேண்டும் போலிருந்தது.

நீ வாங்கும்போது அட்டையில் போட்ட எண்ணை மட்டும் பார்க்காதே, பாப்பா. அந்த வேகம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் அதற்கேற்ற போர்ட் வேண்டும். என்னுடையதில் இல்லை. மாட்டிப் பார்த்தால் நானூறுதான் வந்தது. அதுவும் போகட்டும், எதிலிருந்து எடுக்கிறோமோ அது கொடுக்கிற வேகத்துக்கு மேல் எழுத முடியாது. என் கம்ப்யூட்டருக்குள் கல்யாண வீடியோ எல்லாம் இருந்தது ஒரு பழைய டிஸ்கில். நூற்றைம்பதுக்கு மேல் அது தராது. அப்படிப் பார்த்தால் அந்த ராக்கெட்டை அன்றே வாங்கியிருந்தாலும் அரைமணி நேரம் ஆகியிருக்கும். இது எனக்குத் தெரியாததா? நான் படித்ததே இதைத்தான். கோபத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்ததும் தெரியாது.

அந்தக் கோபத்தோடுதான் மீதியையும் செய்தேன். ஸ்டுடியோவில் இருந்த எல்லாவற்றையும் புது டிரைவுக்கு மாற்றினேன். கல்யாணங்கள், உன் அம்மா உன்னைக் குளிப்பாட்டும்போது எடுத்தவை, நீ குப்புற விழுந்த நாள், மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் பேசிப் பேசி வைத்திருந்த நூற்றுக்கணக்கான துண்டுகள், எல்லாம். என் போனில் இடமில்லையென்று அதில் இருந்ததையும் கொட்டினேன். அவள் போன் லாரிச் சக்கரத்தில் போய்விட்டது. காப்பி செய்யவில்லை, கட் செய்து ஒட்டினேன். பழைய டிஸ்கில் எதுவும் மிஞ்சக்கூடாது என்று வெறி. பிறகு கம்ப்யூட்டருக்குள் இருந்ததையும் கழற்றி, மெதுவாக ஓடுகிற டிஸ்க் மூன்றையும் மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்க் கடப்பாறையால் அடித்தேன். உள்ளே இருக்கிற கண்ணாடி மாதிரித் தட்டு வளைந்து நெளியும்வரை அடித்தேன். குங்குமச் சிமிழையும் அன்றுதான் விட்டெறிந்தேன். கீழே டீக்கடை பாய் ஓடிவந்து கையைப் பிடித்தார். "என்னா தம்பி, அது உங்கள என்னா பண்ணிச்சு?" என்றார். "அதான் பாய் கொன்னுச்சு" என்றேன்.

மாதையன் அதற்கு முன்பே, ஐந்தாம் நாளே வந்துவிட்டார். துக்கம் விசாரிக்கத்தான் வந்தாராம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, டிஸ்கை வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே போய் அதை எடுத்துவந்து வாசலிலிருந்தே, வெளியே உட்கார்ந்திருந்த அவர் மேல் வீசினேன். "எடுத்துக்கிட்டு போய்யா! உன் பொண்ணு பேசறத நல்லா கேளு!" அவர் நெஞ்சில் பட்டு மடியில் விழுந்தது. குனிந்து பார்த்தார், துண்டில் சுற்றினார், எழுந்து போய்விட்டார். அவர் வயசுக்கு என்னை அறைந்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்துப் பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். நான் தனியாகப் போன முதல் பெரிய வேலை. பையில் இரண்டு டிரைவ். ஒன்று கோயில் விழா எடுத்தது, இன்னும் ஒப்படைக்கவில்லை. அதன் மேல் உன் அம்மா வைத்த பொட்டு காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று நான் வாங்கிய அந்தப் புதுசு, அதன் மேல் ஒன்றுமில்லை. மேளம் வாசிக்கிறார்கள், தாலி கட்டப்போகிறார்கள், மாப்பிள்ளையின் மாமா "யோவ் போட்டோக்காரு, நவுருய்யா" என்கிறார். கை பைக்குள் போனது. பொட்டு இருந்ததைக் கை விட்டது, இல்லாததை எடுத்தது. கேமராவில் நேராக மாட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேமரா காட்டாது, அழிக்கவா என்று மட்டும் கேட்கும். சரி என்று அழுத்தினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. அதன் வேகத்தை நான் முழுசாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அழிக்கக்கூடாததற்குப் பொட்டு வைக்க வீட்டில் ஆளில்லை. அவளையே அதில் வைத்திருந்தேன், அதற்கு ஒரு பொட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை. மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்து பையைத் திறக்கும்போதுதான் தெரிந்தது. அழிந்ததை மீட்டெடுக்கிற ஒருவரிடம் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர், பொறுமைசாலி. இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழைய டிஸ்க்குன்னா கெளறி எடுத்திருப்பேன் சார். அது அழிச்சாலும் மனசுல வச்சிக்கும். இது அப்படி இல்ல. அழின்னு சொன்னா உள்ளயே தொடச்சிக்கும், அடுத்தத வேகமா எழுதணும்ல. பழசு எங்க வச்சிருக்கீங்க?" கடப்பாறை கதையை நான் சொல்லவில்லை. "தொலஞ்சு போச்சு" என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

உனக்கு இது என்ன நஷ்டம் என்று தெரியவேண்டும், அதனால் சொல்கிறேன். அம்மாவின் போட்டோக்கள் உறவுக்காரர் வீடுகளில் நிறைய இருக்கின்றன. குரல் இல்லை. எங்கள் கல்யாண வீடியோவில் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுதான் ஓடுகிறது. அவள் வாயசைக்கிறாள், சிரிக்கிறாள், ஒரு நொடி குரல் கிடையாது. அதை எடிட் செய்தவன் நானே. ஊரில் இருக்கிற அத்தனை கல்யாணத்திலும் பேச்சை அழுத்திவிட்டுப் பாட்டைப் போட்டவனும் நானே. நீ பெரியவளாகி, அம்மா எப்படிப் பேசுவாள் என்று கேட்டால், நல்லாப் பேசுவாள் என்று மட்டும் சொல்ல என்னிடம் வாய் இருக்கிறது. எனக்கே அது மங்கிக்கொண்டு வந்தது. "ஏங்க" என்பதை அவள் எப்படி இழுப்பாள் என்று ஒரு நாள் குளிக்கும்போது நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. சுவரில் கையால் அடித்தேன்.

உலகத்தில் நான் அதிகமாக வெறுத்த டிஸ்கில்தான் அவள் இருக்கிறாள் என்று தோன்றுவதற்கு மேலும் இரண்டு மாதம் ஆனது. மாதையன் டிஸ்க். மணப்பெண் அறையில் வெட்டாமல் எடுத்த மூன்று மணி நேரம். கேமராவுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டே எடுப்பாள் அவள். போன் செய்ய வெட்கமாக இருந்தது. அந்த டிஸ்கில் இந்நேரம் வேறு எதையாவது ஏற்றியிருப்பார்களோ என்று பயமாகவும் இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் செய்தேன். "யாருங்க?" என்றார். சொன்னேன். "எறிஞ்சீங்களே, அந்த ஆளா?" என்றார். ஆமாம் என்றேன். "கொழந்த எப்படி இருக்குது?" என்றார். அப்புறம்தான், "டிஸ்க்கு அப்படியேதான் இருக்குது, வாங்க. ஆனா வூட்ட வுட்டு வெளிய தரமாட்டன். இங்கயே உக்காந்து ஏத்திக்கிட்டுப் போங்க. உங்க கையி என்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

இன்று காலை உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பீரோவிலிருந்து, அதே மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் மேல் பொட்டு இருந்தது. ஒப்படைத்த பிறகு துடைக்க அவள் இல்லை. நான் எறிந்தேன், இவர்களும் சாமிப் பொருள் மாதிரி இருக்கிறதென்று துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். டி.வி.யில் மாட்டினார். கட்டில், புடவைகள், கண்ணாடி முன்னால் மாதையன் மகள். பின்னாலிருந்து குரல் வந்தது. "மைக்கு கேக்குதா? ஒண்ணு, ரெண்டு... அக்கா, அந்த ஃபேன நிறுத்துங்க, கரகரன்னு வருது. ஏங்க கல்யாணப்பொண்ணு, இப்பவே அழுதுட்டா அப்பறம் எதுக்கு அழுவீங்க? மை கலைஞ்சா என்னயத்தான் திட்டுவாங்க." அந்தப் பெண் அழுகையோடு சிரிக்கிறாள். நீ கையில் இருந்த முறுக்கைக் கீழே போட்டாய். டி.வி.யைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாய். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாய். மறுபடி பின்னால் போனாய். மாதையன் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்க வேண்டிய ஆள் நான்தான்.

பிறகு லேப்டாப்பை வைத்து, டிஸ்கைச் சொருகி, கேபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் அந்த வேகமான டிரைவுக்கு, அதற்கப்புறம் புதிதாக வாங்கிய இரண்டு சாதாரண டிஸ்குக்கு. மூன்றுக்கும் இந்த வீட்டுக் குங்குமத்தில் நானே பொட்டு வைத்தேன். ஒன்று கோணிக்கொண்டது. வேகமான ஒன்றை விட மெதுவான இரண்டு மேல், பாப்பா. ஒரே விலையென்றால் யோசிக்காதே, இரண்டாக வாங்கி இரண்டு வீட்டில் வை. வேகமானது வேலைக்கு, வைத்திருப்பதற்கு அல்ல. மின்சாரம் கொடுக்காமல் வருஷக்கணக்கில் பெட்டியில் போட்டால் எஸ்.எஸ்.டி. தானாகவே மறக்கக்கூடும். அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பேப்பரில் எழுதுகிறேன். எதையும் கட் செய்து ஒட்டாதே. கோபத்தில் இருக்கும்போது எதையும் அழிக்காதே.

யாரிடமும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் குமரேசன் போனை வைத்தபோது திரையில் இன்னும் மூன்று நிமிடம் என்று காட்டியது. நான் எழுந்து ஓடவில்லை. அந்த மூன்று நிமிடமும் கேபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காப்பி முடிந்தது என்று வந்த பிறகுதான் கையை எடுத்தேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று நிமிடத்தில் இந்த டிஸ்கில் என்ன ஏறியது, நீ கேட்ட குரல் அதில் அடக்கமா என்று கண்டுபிடிக்கலாம், அரைமணி வேலை. கண்டுபிடிக்கமாட்டேன். தெரிந்தால் என்னை நானே மன்னித்துவிடுவேனோ என்று பயம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாதையன் வந்து பக்கத்தில் குந்தினார். என் இடது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அத எதுக்குப் புடிச்சிக்கிட்டே இருக்கறீங்க?" என்றார். விட்டால் கழன்றுவிடும் என்றேன். "அவ்வளவுதானா? இதுக்குப் படிப்பு எதாச்சும் வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "அப்பறம் என்னா, குடுங்க. நான் புடிச்சிக்கறன். கொழந்த எந்திரிச்சிடுச்சு பாருங்க, மாட்டுக்கொட்டாயப் பாத்துக் கை காட்டுது. போயி கன்னுக்குட்டியக் காட்டுங்க." அவர் கை என் கைமேல் வந்து உட்கார்ந்தது. நான் மெதுவாக என்னுடையதை உருவிக்கொண்டேன். காப்பி நிற்கவில்லை.

ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். அன்றைக்கும் கீழே டீக்கடையில் பாய் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்து பிடித்திருப்பார். நல்லம்பள்ளி எவ்வளவு தூரம்? டிரைவின் வேகத்தையும் விலையையும் ஆறு மாதமாகக் கணக்குப் போட்டேனே, இந்த ஒன்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

திரையில் நாற்பது நிமிடம் என்று காட்டுகிறது. நீ என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாய். யாரோ ஒரு பார்ட்டி மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறான், வீடியோ எப்போது கிடைக்கும் என்று கேட்கத்தான். போனை அணைத்துவிட்டேன்.